மேடை ஏறாத விடுதலைப் பத்திரம்

பெண்களின் சொத்துரிமை பற்றிய கருத்தரங்குகளுக்கு இருபது ஆண்டுகளாகப் போய்வருகிறேன். கட்டுரை வாசித்திருக்கிறேன், அமர்வுகளுக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன், பொன்னாடையும் வாங்கியிருக்கிறேன். ஆகவே இங்கே நான் சொல்லப்போகும் குறைகளில் எனக்கும் பங்கு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிறுவனம் நடத்திய இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கை எடுத்துக்கொள்கிறேன். நான் கலந்துகொண்ட மற்றவற்றைவிட அது மோசமானதல்ல. சொல்லப்போனால் நன்றாகவே நடந்தது. ‘சட்டச் சீர்திருத்தமும் சமூகக் கொள்கையும்: பெண்களின் வாரிசுரிமை’ என்பது தலைப்பு. குத்துவிளக்கு, மையவுரை, பிறகு வரிசையாக ஆய்வுக் கட்டுரைகள். பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகள் ஒரே கேள்வியைச் சுற்றின: பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் உரிமை என்ற 2005ஆம் ஆண்டுத் திருத்தம் எந்தத் தேதியிலிருந்து, யாருக்குச் செல்லும்?

அது வெறும் வாய்ப்பந்தல் கேள்வி அல்ல. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகன் பிறக்கும்போதே பங்காளி. மகளுக்கோ, தந்தை இறந்தபின் அவருடைய பங்கில் மட்டும் ஒரு பங்கு. இந்த ஏற்றத்தாழ்வை 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் நீக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்கு உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2015இல் பிரகாஷ் வழக்கில் சொன்னது. 2018இல் தனம்மா வழக்கில், 2001இலேயே தந்தை இறந்திருந்தும் மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது: உரிமை பிறப்பால் வருவது, தந்தை அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. பதினைந்து ஆண்டுகள் கீழ்நீதிமன்றங்களில் அலைந்த மகள்களுக்கு இது உயிர்க் கேள்வி. அதை அலசியவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

என் குறை வேறு இடத்தில் தொடங்குகிறது. முதல் நாள் மதிய உணவுக்கு முன் இருபது நிமிடம் ‘அனுபவப் பகிர்வு’ என்று ஒதுக்கியிருந்தார்கள். சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த நான்கு பெண்கள் மேடைக்கு வந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் கட்டுரையாளர்களுக்குப் பெயரும் பதவியும் இருந்தன; இவர்களுக்கு ‘களப் பெண்கள்’ என்ற ஒரே சொல். மூன்றாவதாகப் பேசிய அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் சொன்னது இவ்வளவுதான்: “எங்க அப்பா சொத்துல எனக்குப் பங்கு இருக்குன்னு எனக்குத் தெரியும். குழுவுல சொல்லிக் கொடுத்தாங்க. தெரிஞ்சுதான் தம்பிக்கு எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லியிருந்தா, என் மக கல்யாணத்துக்குத் தாய்மாமன்னு யாரு வந்து நிப்பா? அதுக்கு உங்க சட்டத்துல ஏதாவது இருக்காங்கம்மா?”

அரங்கம் சிரித்தது. கேலிச் சிரிப்பல்ல, பாராட்டும் சிரிப்புதான். அமர்வுத் தலைவர், “உணர்வுபூர்வமான கேள்வி” என்றார். நேரமில்லை என்று சொல்லி நால்வருக்கும் நினைவுப் பரிசு கொடுத்தார்கள். எல்லோரும் சாப்பிடப் போனோம்.

பிற்பகலில் என் முறை. நான் வரலாறு கற்பித்தவள். செங்கல்பட்டிலிருந்து தொடங்கினேன். 1929 பிப்ரவரியில் அங்கு நடந்த முதல் சுயமரியாதை மாநாடு பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல், தமிழ்நாடு தனக்கென ஒரு திருத்தம் கொண்டுவந்து மகளைப் பங்காளி ஆக்கியது. கேரளம் 1975இல் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்திருந்தது. ஆந்திரம் 1986இல் நமக்கு முந்தியது. கர்நாடகமும் மராட்டியமும் 1994இல் வந்தன. மத்திய அரசுக்கு 2005 ஆயிற்று. அழகான கோடு. கைதட்டினார்கள்.

அந்தக் கோட்டில் நான் விட்டுவிட்டவை இரண்டு. முதலாவது: தமிழ்நாட்டுச் சட்டம் 1989 மார்ச் 25 என்று ஒரு தேதி வைத்தது. அதற்கு முன் திருமணமான மகளுக்கு அந்த உரிமை இல்லை. மகன் எப்போது மணம் முடித்தான் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. எனக்கு 1986இல் திருமணம் ஆயிற்று. வகுப்பில் இந்தச் சட்டத்தைப் பெருமையோடு நடத்தியிருக்கிறேன். நான் அதற்கு வெளியே நிற்பவள் என்று ஒருமுறைகூட மாணவிகளிடம் சொன்னதில்லை.

இரண்டாவதை இப்போதுதான் எழுதுகிறேன். என் தந்தை 2011இல் இறந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். எந்தத் தீர்ப்பின்படி பார்த்தாலும் பூர்வீக நிலத்திலும் வீட்டிலும் எனக்கு மூன்றில் ஒரு பங்கு இருந்தது. அடுத்த தை மாதம் சார்பதிவாளர் அலுவலகத்தில் என் இரண்டு தம்பிகளுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். எனக்குச் சேரவேண்டிய நகையும் சீரும் திருமணத்தின்போதே பெற்றுக்கொண்டதால் எனக்கு இனி எந்தப் பாத்தியமும் இல்லை என்று பத்திர எழுத்தர் எழுதியிருந்தார். அந்த நகை என் மாமனார் வீட்டு மாடிக்குச் சிமெண்டாகப் போய் இருபது வருடம் ஆகியிருந்தது. சார்பதிவாளர் நிமிர்ந்து பார்த்து, “சம்மதம்தானேம்மா?” என்றார். தம்பிகள் இருவரும் என் பின்னால் நின்றார்கள். தலையாட்டினேன். கையெழுத்து, பெருவிரல் ரேகை. பிறகு ஓட்டலில் சாப்பிட்டோம். பெரிய தம்பி எனக்குப் பிடித்த தயிர்வடையைக் கேட்காமலேயே வாங்கி வைத்தான்.

யாரும் என்னை மிரட்டவில்லை. “உனக்கென்னக்கா, சம்பளம் வருது, பென்ஷனும் வரும்” என்று மட்டும் சொன்னார்கள். சட்டம் எனக்குத் தெரியும். தெரிந்தே போட்டேன். ஆகவே அன்று அந்த அம்மா கேட்டபோது பதில் சொல்லும் கடமை அந்த அரங்கில் யாருக்காவது இருந்தது என்றால் அது எனக்குத்தான். நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

இதைக் குற்ற ஒப்புதலாக மட்டும் எழுதினால் போதாது. நான் ஏன் பேசவில்லை என்பதில் கருத்தரங்கின் அமைப்புக்குப் பங்கு இருக்கிறது. அங்கே ஒரே பெண்ணின் அறிவு இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. கட்டுரை வாசிப்பவளுக்கு ஆய்வு உண்டு, அனுபவம் கிடையாது. களப் பெண்ணுக்கு அனுபவம் உண்டு, ஆய்வு கிடையாது. நான் என் பத்திரத்தைப் பற்றிப் பேசியிருந்தால் காலை அமர்வுக்குப் போயிருக்க வேண்டும். அந்த அம்மாவின் கேள்வியை ஆய்வுக் கேள்வியாக ஏற்றிருந்தால் அவர் பிற்பகல் அமர்வுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்காதபடிதான் நிகழ்ச்சி நிரல் போடப்பட்டிருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. எல்லா நிரல்களும் அப்படித்தான் இருக்கின்றன.

அவர் கேட்டது உண்மையில் கடினமான சட்டக் கேள்வி. ஏமாற்றியோ மிரட்டியோ தகாத செல்வாக்கைப் பயன்படுத்தியோ வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும். ஆனால் அவர் மகளின் கல்யாணத்தில் தாய்மாமன் வந்து நிற்பது இவற்றில் எந்தத் தலைப்பில் அடங்கும்? பாசத்தையே விலையாகக் கேட்கும்போது அதற்குச் சட்டத்தில் சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தைக் கண்டுபிடிப்பதுதானே சட்டச் சீர்திருத்தக் கருத்தரங்கின் வேலை?

அறிவுலகத்துக்கு இது தெரியாததும் அல்ல. பீனா அகர்வால் 1994இல் வெளியிட்ட ‘எ ஃபீல்ட் ஆஃப் ஒன்ஸ் ஓன்’ என்ற நூலில், தெற்காசியப் பெண்கள் தங்கள் பங்கை ஏன் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். கணவன் கைவிட்டால் போய் நிற்க ஓர் இடம், பிறந்த வீட்டோடு போக்குவரத்து: இவற்றை இழக்காமல் இருப்பதற்கான காப்பீட்டுத் தொகைபோலத்தான் பெண்கள் நிலத்தைக் கொடுக்கிறார்கள். ராஜஸ்தானில் இதற்கு ‘ஹக் தியாக்’ என்றே பெயர், உரிமைத் தியாகம். நம்மூரில் ‘விடுதலை’. எந்தப் பக்கம் யாருக்கு விடுதலை என்று கேட்கத் தோன்றுகிறது. அதே பீனா அகர்வால் 2005 திருத்தத்தின்போது விவசாய நிலத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவரப் போராடியவர்களில் ஒருவர். ஆய்வும் சட்டமும் அப்படிச் சேர முடியும்.

இன்னொரு சான்றும் உண்டு. மதுரா என்ற ஆதிவாசிப் பெண்ணைக் காவல் நிலையத்தில் வன்புணர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் காவலர்களை விடுவித்தது. அவள் உடலில் காயம் இல்லை, ஆகவே எதிர்க்கவில்லை, ஆகவே சம்மதித்தாள் என்ற தர்க்கம். அடுத்த ஆண்டு உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு என்பது அதன் சாரம். பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது மதுராவின் மௌனத்தை. அதை உணர்ச்சி என்று ஒதுக்காமல் சட்டக் கேள்வியாக வாசித்தார்கள். சார்பதிவாளர் முன் நான் ஆட்டிய தலையையும் அப்படி வாசிக்க ஆள் வேண்டும். இரண்டும் ஒரே கொடுமை என்று நான் சொல்லவில்லை. சம்மதம் என்ற சொல்லை நின்று பார்க்காமல் கடந்துபோகும் பழக்கம் இரண்டிலும் ஒன்றுதான்.

வாசித்தால் கேட்கவேண்டியவை நிறைய இருக்கின்றன. பங்கை விடும் பெண்ணைச் சகோதரர்கள் இல்லாமல் தனியாக விசாரிக்கச் சார்பதிவாளருக்குக் கட்டளையிட முடியாதா? அவள் விடும் பங்கின் வழிகாட்டி மதிப்பை அவளுக்கு வாசித்துக் காட்டி, அவள் கையெழுத்தோடு பத்திரத்தில் சேர்க்க முடியாதா? கருமாதி முடிந்த சூட்டில் எழுதப்படும் பத்திரத்துக்கு, திரும்பப் பெற ஆறு மாத அவகாசம் கொடுக்க முடியாதா? குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு அரசு கட்டணச் சலுகை தருகிறதே, அதனால் யாருடைய நிலம் யாருக்குப் போகிறது என்று பதிவுத்துறை ஆண், பெண் கணக்கு எடுத்து வெளியிட முடியாதா? கைம்பெண், கணவனைப் பிரிந்தவள் ஆகியோர் பிறந்த வீட்டில் தங்குவதற்குச் சகோதரனின் தயவு தேவைப்படாத ஏற்பாடு அரசிடம் உண்டா? கடைசிக் கேள்விதான் அடிப்படை. தாய்வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத வரை, பெண் தன் பங்கைக் கொடுத்து அந்த வாசலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் இருப்பாள். சமூகக் கொள்கை என்று தலைப்பில் போட்டுவிட்டு அன்று நாங்கள் பேசாமல் விட்டது இதைத்தான்.

கருத்தரங்கத் தொகுப்பு எட்டு மாதம் கழித்துத் தபாலில் வந்தது. ஐ.எஸ்.பி.என். எண்ணோடு தடிமனான புத்தகம். என் கட்டுரை இருந்தது. அந்த நான்கு பெண்களும் இருந்தார்கள், பின்னிணைப்பில் ஒரு புகைப்படமாக: ‘அனுபவப் பகிர்வு அமர்வில் பங்கேற்றவர்கள்’. கேள்வி இல்லை. நிறைவுத் தீர்மானங்களில், பெண்களுக்குச் சட்ட விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்பது முதலாவது. தெரிந்துதான் எழுதிக் கொடுத்தேன் என்று ஒருவர் மேடையில் சொன்ன பிறகு போட்ட தீர்மானம் அது.

இப்போது கட்டுரைக்குத் தலைப்புக் கேட்டு வரும் மாணவிகளிடம் நான் ஒன்று சொல்கிறேன். தீர்ப்பைப் படியுங்கள், கட்டாயம் படியுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு முகூர்த்த நாள் காலையில் உங்கள் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வேப்பமரத்தடியில் உட்காருங்கள். அண்ணன் தம்பிகளோடு வந்து இறங்கும் பெண்களைப் பாருங்கள். உங்கள் அம்மா, அத்தை, சித்தி யார் யார் எப்போது கையெழுத்துப் போட்டார்கள் என்று வீட்டில் கேளுங்கள். பதிலுக்குக் கோபம் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. என் கட்டுரையின் தலைப்பாக என் பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் எழுதி அனுப்பினேன். ஆய்வுத் தலைப்பாக மாற்றித் தரும்படி ஒருங்கிணைப்பாளர் பணிவாகக் கேட்டிருக்கிறார். இதுதான் ஆய்வுத் தலைப்பு என்று பதில் எழுதியிருக்கிறேன். மேடையில் அதை வாசித்தால் தம்பிகள் காதுக்குப் போகும் என்பது தெரியும். இந்த ஆண்டும் பொங்கல் சீர் வந்தது. அடுத்த ஆண்டு வருமா என்று தெரியவில்லை.