1942: சரியான எதிரி, தவறான கணக்கு

கம்யூனிஸ்ட் கட்சியின் நூற்றாண்டையொட்டி 1942-க்கு மீண்டும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது: பாசிசம் வீழ்ந்தது, ஆகவே ‘மக்கள் யுத்தம்’ என்று சொல்லி பிரிட்டனின் போரை ஆதரித்த நிலைப்பாடு சரி. வென்றதெல்லாம் நியாயம் என்று சொல்வதற்கு மார்க்சியம் எதற்கு?

பாசிச அபாயத்தைக் கம்யூனிஸ்டுகள் சரியாகவே எடைபோட்டார்கள். வங்கப் பஞ்சத்தில் அவர்கள் செய்த நிவாரணமும், சித்தபிரசாத்தின் ஓவியங்களும், சுனில் ஜானாவின் புகைப்படங்களும் சாதாரணமல்ல. மாஸ்கோ தந்தியடித்ததும் திரும்பிக்கொண்டார்கள் என்ற ஏளனமும் சரியல்ல. 1941 ஜூனில் சோவியத் யூனியன் தாக்கப்பட்ட பிறகும் மாதக்கணக்கில், தேவ்லி சிறை முகாமில் அடைபட்டிருந்தவர்கள் உட்பட, விவாதித்துத்தான் மாறினார்கள்.

அந்த விவாதத்தில் எது கணக்கில் வந்தது என்பதுதான் என் ஆட்சேபம். 1940-ல் பாரிஸ் வீழ்ந்தபோது அது ஏகாதிபத்தியப் போர். லண்டன்மீது குண்டு பொழிந்தபோதும் ஏகாதிபத்தியப் போர்தான். அடுத்த ஆண்டு ஹிட்லர் மாறவில்லை, சர்ச்சில் மாறவில்லை, வைஸ்ராய் லின்லித்கோவும் மாறவில்லை. சோவியத் எல்லையில் பீரங்கி முழங்கியதும் போரின் குணமே மாறிவிட்டது. உழைப்பவரின் நலன் சோவியத் நலனுக்குள் அடக்கம் என்று முன்பே முடிவானபின், இந்தியத் தொழிலாளியிடம் கேட்க என்ன இருக்கிறது?

1942 ஜூலையில் கட்சிமீதான தடை நீங்கியது. ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தால் ஆகஸ்ட் 9-ல் கைதான காந்தியைப் புனே ஆகா கான் மாளிகையில் அடைத்தார்கள். ஆறே நாளில் அவருடைய செயலர் மகாதேவ் தேசாய் அங்கு இறந்தார். 1944 பிப்ரவரியில் கஸ்தூர்பா. வெளியே புனே சோசலிஸ்டு எஸ்.எம். ஜோஷி தலைமறைவாகத் திரிந்தார். 1943 ஜனவரியில் புனே கேம்ப் பகுதியின் கேப்பிட்டல் திரையரங்கில் குண்டு வெடித்து பிரிட்டிஷ் சிப்பாய்கள் மாண்டார்கள். அந்த வழியை நான் ஏற்கவில்லை. ஆனால் கம்யூனிஸ்டுகள் காட்டிய வழி என்ன? தலைவர்களை விடுதலை செய் என்றார்கள். அதே மூச்சில் உற்பத்தியைப் பெருக்கு, வேலைநிறுத்தம் வேண்டாம் என்றார்கள். வேலைநிறுத்தத்தைக் கீழே வைத்துவிட்ட தொழிலாளர் கட்சியின் கோரிக்கைக்கு எந்த அரசு பயப்படும்?

விடுதலையான காந்தி 1944-ல் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பி.சி. ஜோஷிக்கு எழுதினார்: இந்தியாவின் கோடிக்கணக்கானவர்களும் ஆப்பிரிக்கக் கறுப்பர்களும் உங்கள் ‘மக்களில்’ சேர்த்தியா? ஜோஷி விரிவாகவே பதில் எழுதினார். ஆனால் காலனிகளை விட மறுத்த சர்ச்சிலின் முன் எந்த விளக்கமும் எடுபடாது.

நோய் அத்தோடு தீரவில்லை. 1962-ல் சீனப் போரின்போது, சோசலிச நாடு ஆக்கிரமிக்குமா என்ற குழப்பத்தில் கட்சி இரண்டுபட்டு, 1964-ல் உடைந்தது. அந்தப் போரின்போது சிறையிலிருந்தபடியே ராணுவத்தினருக்கு ரத்தம் தர முன்வந்த கேரளத் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன்மீது கட்சியே நடவடிக்கை எடுத்தது. 2022-ல் உக்ரைனுக்குள் ரஷ்யா நுழைந்தபோது மார்க்சிஸ்ட் கட்சிக்கு அது ‘துரதிர்ஷ்டம்’. விளக்கமெல்லாம் நேட்டோ விரிவாக்கத்தைப் பற்றி. சோவியத் போய் 30 ஆண்டு கழிந்தும் பழக்கம் போகவில்லை.

2025 ஜூலையில் காசாவுக்காக ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதி கேட்ட அதே கட்சியிடம், உள்நாட்டுப் பிரச்சினையைப் பாருங்கள் என்றது பம்பாய் உயர் நீதிமன்றம். அது அநீதி. காசாவுக்காகப் பேசத்தான் வேண்டும். ஆனால் குண்டு யார் வீசியது என்று பார்த்துக் கண்டிப்பவர்களின் வாயை நீதிமன்றம் வந்து அடைக்க வேண்டியதில்லை. பாதியை அவர்களே அடைத்துக்கொண்டுவிட்டார்கள்.