கண்ணாடிக்குள் குக்ரி

டையூவில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சின்னக் குன்றின் மேல், கண்ணாடி அறைக்குள் ஐ.என்.எஸ். குக்ரியின் சிறிய மாதிரி நிற்கிறது. போன டிசம்பரில் போய்ப் பார்த்தேன். இடம் அருமை, காத்து ஆளையே தள்ளுது. ஆனால் ஒரு நினைவகமாக அது என்னைப் பாதி வழிதான் கூட்டிப் போனது. ஏன்னு சொல்றேன்.

1971 டிசம்பர் 9 இரவு, டையூ கரையிலிருந்து சுமார் 40 கடல்மைல் தள்ளி, பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி குக்ரியை டார்பிடோவால் அடித்தது. சில நிமிடங்களில் கப்பல் போய்விட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள், ஆக 194 பேர் இறந்தார்கள். 67 பேர் பிழைத்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஒரு நீர்மூழ்கி போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுதான் முதல் தடவை.

இதில் எல்லாருக்கும் தெரிந்தது கேப்டன் மகேந்திரநாத் முல்லாவின் கதை. தன் லைஃப் ஜாக்கெட்டை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, கப்பலோடேயே போனவர். இறந்தபின் மகாவீர் சக்ரா. அந்தப் பெருமையில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் குக்ரி என்றாலே அந்த ஒரு காட்சி மட்டும் என்று ஆகிப்போனதால், கப்பல் எப்படி அடிபட்டது என்ற கேள்வி பின்னால் ஒதுங்கிவிட்டது.

என்னைப் போன்ற பொறியியல் ஆசாமிக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். குக்ரி, கிர்பான் இரண்டும் 1950களில் பிரிட்டனில் வடிவமைத்த ஃப்ரிகேட்டுகள். ஹங்கோர் பிரான்சின் டாஃப்னே வகை, அதைவிடப் புதுசு. வேட்டைக்குப் போன கப்பலின் சோனாரைவிட, வேட்டையாடப்பட வேண்டிய நீர்மூழ்கியின் காது கூர்மை. இதை ஈடுகட்டத்தான் குக்ரியில் சோனாரின் எட்டும் தூரத்தைக் கூட்டும் ஒரு கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதற்காகக் கப்பல் மெதுவாகப் போனது என்று துணை அட்மிரல் ஹிரானந்தானி எழுதிய கடற்படை வரலாறு சொல்கிறது.

மெதுவாக ஏன் போகணும்? கப்பல் வேகமாகப் போனால் அதோட சொந்த இரைச்சலே திரும்பி வரும் எதிரொலியை அமுக்கிவிடும். வேகத்தைக் குறைத்தால் நன்றாகக் கேட்கும். ஆனால் நீர்மூழ்கி இருக்கும் கடலில் மெதுவாகப் போகும் கப்பல், குறிபார்க்கச் சுலபமான கப்பல். எங்க தொழில்ல இதை ப்ரொடக்‌ஷன்ல டெஸ்ட் பண்றதுன்னு சொல்லுவோம். எங்களுக்கு சர்வர் விழும், அவ்வளவுதான்.

சோதனை முட்டாள்தனம் என்று நான் சொல்ல வரலை. கையிலிருந்த கருவியால் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க முடியாது என்று தெரிந்தும் வெறுமனே சுற்றிவருவதா, அரைகுறையாக இருந்தாலும் புதுசை முயல்வதா என்பது எளிய கேள்வி இல்லை. ஹங்கோர் முதலில் சுட்டது கிர்பானை. அந்த டார்பிடோ வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் நினைவகத்தின் பெயரே வேறாக இருந்திருக்கும். தாக்குதலுக்குப் பின் கிர்பான் அங்கிருந்து விலகி, மறுநாள் திரும்பி வந்து பிழைத்தவர்களை மீட்டது. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் வாதம் ஓய்ந்தபாடில்லை. பிழைத்தவர்கள் தரப்பைக் கேட்க விரும்புபவர்கள் மேஜர் ஜெனரல் இயன் கார்டோசோ 2006இல் எழுதிய புத்தகத்தைப் படிக்கலாம்.

பெர்ல் ஹார்பரில் அரிசோனா நினைவகத்தை மூழ்கிய கப்பலுக்கு நேர் மேலேயே கட்டியிருக்கிறார்கள். உள்ளிருந்து எண்ணெய் இன்னும் கசிந்து மேலே வருகிறது. டையூவில் அது முடியாது, கப்பல் ஆழக்கடலில் கிடக்கிறது. அதனால் ஒரு மாதிரியை வைத்தது புரிகிறது. சிக்கல் என்னன்னா, அந்த மாதிரி அடிபடாத கப்பல். துடைத்துவைத்த கண்ணாடிக்குள் அது நல்லாத்தான் இருக்கு. கீழ்த்தளத்தில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த மாலுமியை அதில் எங்கே தேடுவது?

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. அதே பெயரில் 1989இல் சேவைக்கு வந்த இரண்டாவது குக்ரி, 2021 டிசம்பரில் ஓய்வுபெற்றது. அருங்காட்சியகமாக்க 2022 ஜனவரியில் டையூ நிர்வாகத்திடம் கொடுத்தார்கள். அது ஏவுகணைக் கப்பல், முதல் குக்ரியோடு பெயர் மட்டும்தான் பொது. இருந்தாலும் அதில் ஒரு அறையை ஒதுக்கி, இரண்டு சோனார்களின் எட்டும் தூரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து மாட்டலாம். பக்கத்திலேயே ஒரு ஹெட்போன். வேகமாகப் போகும்போது என்ன கேட்கும், மெதுவாகப் போகும்போது என்ன கேட்கும் என்று ஒரு பள்ளிப் பிள்ளை மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்க்கட்டும்.