‘மைதான்’ திரைப்படமும் பீட்டர் தங்கராஜும்

அமித் சர்மா இயக்கிய ‘மைதான்’ (2024) என்னும் இந்தித் திரைப்படம், கால்பந்துப் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமின் வாழ்க்கையைச் சொல்கிறது. ரஹீமாக அஜய் தேவ்கன் நடித்துள்ளார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதியாட்டமே படத்தின் உச்சம். அதில் இந்தியா தென்கொரியாவை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. அன்று கோல் காத்தவர் தமிழரான பீட்டர் தங்கராஜ்.

ஆட்டக் காட்சிகள் விறுவிறுப்பானவை. ஆனால் பயிற்சியாளரையே மையமாகக் கொண்ட இப்படத்தில், வீரர் ஒருவர் உருவான வழிக்குப் போதிய இடமில்லை.

தங்கராஜ் 1935இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். தொடக்கத்தில் முன்கள வீரராக ஆடி, பின்னரே கோல்கீப்பரானார். ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி மாவட்டம் வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடினார். அவ்வணி 1955, 1958 ஆண்டுகளில் டூராண்ட் கோப்பையை வென்றது. 1956, 1960 ஒலிம்பிக் அணிகளிலும் அவர் இடம்பெற்றார். பின்னர் கொல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடினார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார், 2008இல் மறைந்தார்.

இவற்றைச் சொல்வதால் ரஹீமின் பெருமை குறையாது. பயிற்சியாளர் தேர்ந்தெடுப்பதற்கு முன், ஆண்டுதோறும் ஆடிப் பழகிய வீரர்கள் இருக்க வேண்டும். ராணுவ அணிகளும் கழகங்களும் அன்று அவர்களைத் தந்தன. வெற்றியை ஒருவரின் மனவுறுதியாக மட்டும் காட்டும்போது, 1962க்குப் பின் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கால்பந்துத் தங்கம் ஏன் கிட்டவில்லை என்ற கேள்விக்குப் படத்தில் விடை கிடைப்பதில்லை. தங்கராஜின் வாழ்க்கையைப் படிக்கும் மாணவருக்கு அவ்விடையின் ஒரு பகுதியேனும் கிடைக்கும்.