தீபாவளி ரிலீஸும் காணாமல்போன அப்பாவும்

ரசிகன் என்றாலே ஏமாந்தவன் என்று முடித்துவிடுவது நம் வட்டாரத்தில் சுலபமாகிவிட்டது. (எம்.ஜி.ஆர். பிம்பம் பற்றி 1992இல் ‘தி இமேஜ் ட்ராப்’ எழுதிய எம்.எஸ்.எஸ். பாண்டியன்கூட அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடவில்லை.) தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு குடும்பத்தை விட்டு மன்றத்துக்கு ஓடுகிறவன் எதைத் தேடி ஓடுகிறான்?

1991 நவம்பர் 5 தீபாவளிக்கு ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒன்றாக வந்தன. எங்கள் வீட்டில் அண்ணன் ரஜினி கட்சி, நான் கமல் கட்சி. ஒரு வாரம் பேச்சே கிடையாது. இரண்டு படத்திலும் நாயகனின் காயம் தாயிடமிருந்துதான் தொடங்குகிறது. போகியன்று கூட்ஸ் ரயிலில் விடப்பட்டவன் சூர்யா. தாய் நடத்தும் விபச்சார விடுதியில் வளர்ந்தவன் குணா.

தேவாவும் சூர்யாவும் கட்டிக்கொள்ளும்போது தியேட்டரில் எழுந்த விசில், மன்றம் தன்னைத்தானே கொண்டாடிக்கொண்ட விசில். ரத்தம் தராத உறவை நட்பு தரும் என்கிற நம்பிக்கை அது. அதைப் பொய்ப் பிரக்ஞை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்த நட்புலகில் பெண்ணுக்கு இடமில்லை. விடியுமுன் எழுந்து எண்ணெய் காய்ச்சி, இட்லி அவித்துப் பிள்ளைகளை அனுப்பிவைத்த அம்மா, பத்து நாள் கழித்து மதியக் காட்சிக்குப் போனாள். திரும்பி வந்து சொன்னாள்: “அந்தப் பொண்ணே சின்னப் புள்ள. ஓடிப்போன ஆம்பளைய ஏன்டா ஒருத்தனும் தேடல?”

பிரதிக்குள் அந்த ஆளுக்கு முகமே கிடையாது. ஸ்ரீவித்யா படம் முழுக்க அழுது தீர்க்கிறார். கடைசியில் தேவா சாக, தாய் சூர்யாவுடன் தங்கிவிடுகிறாள். மன்றத்தின் நட்பைக் காவுகொடுத்துக் குடும்பம் சரிசெய்யப்படுகிறது, அப்பனை விசாரிக்காமலேயே.