ஏசி அறை ரிவ்யூவும் சித்திரை வெயிலும்

ஏர் கூலர் ரிவ்யூக்களில் எனக்கு ஒரே மனத்தாங்கல்: பெரும்பாலும் 20-25 டிகிரி அறையில்தான் சோதிக்கிறார்கள். வீரபாண்டியில் கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா சமயம் ஏசி இல்லாத மாடி அறை 36ஐத் தொட்டுடும். எவ்வளவு பெரிய ஹீட்சிங்க்கும் அறைக் காற்றைவிடக் கீழே குளிர்விக்காது. அங்கே 24 டிகிரி அறையில் 85 காட்டிய சிப், இங்கே கிட்டத்தட்ட 97. கோர் ஐ9-14900கே 100ல் தானாகவே வேகத்தைக் குறைச்சுக்கும். அப்புறம் ஓவர்கிளாக் எதுக்கு?

அதனால் அறை வெப்பத்தைக் கழித்த எண்ணைப் போடாத ரிவ்யூவை நான் படிப்பதில்லை.

நாக்டுவா என்ஹெச்-டி15 நல்ல கூலர்தான். ஆனா 165 மி.மீ. உயரம், கேபினெட் கதவு மூடுமான்னு அளந்துக்கோங்க. அதைவிட லாபம் வோல்டேஜில்: அதே வேகத்தில் 10% இறக்கினால், இயக்க மின்செலவு சுமார் 19% குறையும். சிப் ஹேங் ஆகாதவரை கொஞ்சம் கொஞ்சமா இறக்கிப் பாருங்க, காசே வேண்டாம்.