தீர விசாரித்தவர்கள்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. விசாரி என்று சொல்வதோடு பழமொழியின் வேலை முடிந்துவிடுகிறது. கண்டேன் என்று சத்தியம் செய்கிற ஒருவரை எதிரில் வைத்துக்கொண்டு எப்படி விசாரிப்பது, எந்த இடத்தில் நம்புவது, எந்த இடத்தில் சந்தேகிப்பது என்பதெல்லாம் சிரமமான விஷயங்கள். அவற்றைக் கற்றுக்கொள்ள நல்ல புஸ்தகம் வேண்டுமென்று யாராவது என்னைக் கேட்டால், பறக்கும் தட்டுகளைப் பற்றிய சில அமெரிக்கப் புஸ்தகங்களைத்தான் சொல்லுவேன்.

வாசகர்கள் சிரிக்கலாம். பறக்கும் தட்டு என்றதும் பச்சை நிற மனிதர்களும் மலிவான அட்டைப் படங்களும் ஞாபகத்துக்கு வருவது சகஜந்தான். அந்த ரகத்துப் புஸ்தகங்கள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. நான் சொல்ல வந்தவை வேறு. இரவு நேரத்தில் ஆகாயத்தில் எதையோ பார்த்ததாகச் சொன்ன சாதாரண ஜனங்களைத் தேடிப் போய், அவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, பார்த்தது என்ன என்று துருவியவர்கள் எழுதியவை அவை. இலக்கியம் என்று அவற்றை யாரும் சொல்வதில்லை. ஆனால் நாவல் படிக்கிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் அவற்றில் விஷயம் இருக்கிறது.

கதை 1947-ல் ஆரம்பிக்கிறது. ஜூன் 24-ந் தேதி கென்னத் ஆர்னால்ட் என்பவர் தம் சொந்த விமானத்தில் வாஷிங்டன் மாகாணத்து ரெய்னியர் மலைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒன்பது பொருள்கள் பளபளவென்று மின்னிக்கொண்டு வேகமாகப் போவதைக் கண்டார். தட்டு ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி போயின என்று நிருபர்களிடம் சொன்னார். அவர் சொன்னது அவை போன விதத்தைப் பற்றி. பத்திரிகைகள் அதையே உருவமாக்கிப் 'பறக்கும் தட்டு' என்று பெயர் வைத்துவிட்டன. அதற்குப் பிறகு பார்த்தவர்களில் அநேகம் பேர் தட்டைத்தான் பார்த்தார்கள்! உவமையே பொருளை விழுங்கிவிட்டது. எழுதுகிறவன் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ஜனங்கள் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. கைவசம் இருக்கிற வார்த்தைகளாலும் பார்க்கிறார்கள்.

அமெரிக்க விமானப்படை அடுத்த வருஷமே இதற்கென்று ஓர் இலாகாவை ஏற்படுத்திற்று. பெயர்கள் மாறி மாறி, 1952 முதல் 1969-ல் மூடுகிற வரைக்கும் அதற்குப் 'புளூ புக்' என்று பெயர். எல்லாமாகச் சேர்த்து அதற்கு வந்த புகார்கள் 12,618. விளங்காமல் மிஞ்சியவை 701. ஆரம்பத்தில் சில காலம் அதற்குத் தலைமை வகித்த காப்டன் எட்வர்ட் ரப்பெல்ட், வேலையை விட்ட பிறகு 1956-ல் ஒரு புஸ்தகம் எழுதினார். இந்த விஷயத்தில் முதலில் படிக்க வேண்டிய புஸ்தகம் அதுதான்.

ரப்பெல்ட் எழுத்தாளர் அல்ல. அதனாலேயே அவர் எழுத்து நன்றாக இருக்கிறது. எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டு போகிறார். நல்ல துப்பறியும் நாவலில் கிடைக்கிற சுவாரசியம் இருக்கிறது. ஆனால் கடைசி அத்தியாயத்தில் குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற அவசரம் இல்லை. காப்டன் மாண்டெல் இறந்த சம்பவத்தை அவர் சொல்லியிருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். 1948 ஜனவரி 7-ந் தேதி பகலில், கெண்டக்கி மாகாணத்தில், ஆகாயத்தில் தெரிந்த ஏதோ ஒன்றை மாண்டெல் தம் விமானத்தில் துரத்திக்கொண்டு போனார். ஆக்ஸிஜன் வசதி இல்லாமல் மேலே மேலே ஏறி, நினைவு தப்பி, விமானத்தோடு விழுந்து மாண்டார். அவர் துரத்தியது சுக்கிரனை என்று அதிகாரிகள் முதலில் சொன்னார்கள். பகல் வெளிச்சத்தில் சுக்கிரன் ஒரு ஊசிமுனையளவுதான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு அனுபவமுள்ள விமானி பிரும்மாண்டமான பொருள் என்று சொல்லுவானா என்று ரப்பெல்ட் கேட்கிறார். பழைய காகிதங்களைப் புரட்டி, 'ஸ்கைஹுக்' என்ற ராட்சத பலூனாகத்தான் இருக்க வேண்டும் என்ற இடத்துக்கு வருகிறார். அது கடற்படையின் ரகசியத் திட்டம். துரத்தியவருக்கும் அதைப் பற்றித் தெரியாது, விளக்கம் சொன்னவர்களுக்கும் தெரியாது. மாண்டெல் பார்த்தது பிரமை அல்ல. தமக்குப் பெயர் தெரியாத ஒரு நிஜப் பொருளைப் பார்த்து, அதற்காக உயிரைக் கொடுத்தார். படித்து முடிக்கும்போது மர்மம் தெளிகிறது, துக்கம் தெளிவதில்லை. இது லேசான காரியம் அல்ல.

ஆனால் ரப்பெல்ட் பின்னால் வந்த பதிப்பில் மூன்று அத்தியாயங்கள் சேர்த்தார். முன்பு திறந்து வைத்திருந்த கேள்விகளையெல்லாம் அவற்றில் படாரென்று சாத்திவிட்டு, எல்லாம் கட்டுக்கதை என்று முடிக்கிறார். அவர் கருத்தை மாற்றிக்கொண்டதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாறியதற்கான வழியைக் காட்டவில்லை என்பதுதான் குறை. பாத்திரத்தின் மனம் காரணமில்லாமல் மாறினால் நாவலில் ஒத்துக்கொள்ள மாட்டோம். இங்கே மட்டும் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? 1960-ல், 37-வது வயதில், அவர் காலமாகிவிட்டார்.

இரண்டாவது மனிதர் ஆலன் ஹைனெக். வான சாஸ்திரப் பேராசிரியர்; 1948-லிருந்து விமானப்படைக்கு ஆலோசகராக இருந்தவர். 1966 மார்ச்சில் மிச்சிகன் மாகாணத்தில் இரண்டு இடங்களில் இரவு நேரத்தில் விசித்திர ஒளிகள் தெரிந்ததாகப் புகார் வந்தது. பார்த்தவர்களில் ஒரு விவசாயக் குடும்பம் உண்டு. ஒரு கல்லூரி விடுதி மாணவிகள் பெருந்தொகையாக உண்டு. ஹைனெக் டெட்ராய்ட் நகரத்தில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, சதுப்பு நிலத்து வாயு எரிந்ததாக இருக்கலாம் என்றார். நம் கிராமங்களில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லுவார்களே, அதேதான். அந்த இரண்டு சம்பவங்களுக்கு மட்டுமே அவர் சொன்ன விளக்கம் அது. பத்திரிகைகள் கேட்கவில்லை, தேசம் முழுவதும் சிரித்தது. அவரைப் பார்த்துச் சிரித்ததோடு, பார்த்தேன் என்று சொன்ன ஜனங்களையும் பார்த்துச் சிரித்தது. தங்கள் ஊர்க்காரர்களை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று அந்த மாகாணத்துப் பிரதிநிதியும் பின்னால் ஜனாதிபதியுமான ஜெரால்ட் ஃபோர்ட் கேள்வி எழுப்பினார். காங்கிரஸில் விசாரணை நடந்தது. அதன் பலனாகக் கொலராடோ சர்வகலாசாலையில், பௌதிக விஞ்ஞானி எட்வர்ட் காண்டன் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் குழு அமைந்தது.

காண்டன் குழுவின் அறிக்கை 1969-ல் வெளியாயிற்று. ஏறக்குறைய ஆயிரம் பக்கம். முகப்பில் காண்டன் எழுதிய முடிவுரை ஒரு மாதிரியும், உள்ளே மற்றவர்கள் எழுதியவை வேறு மாதிரியும் இருக்கின்றன. விளங்காத சம்பவங்கள் உள்ளே கிடக்க, இனி ஆராய வேண்டியது இல்லை என்று முகப்பில் தீர்ப்பு. ஆனாலும் அதில் வில்லியம் ஹார்ட்மன் எழுதிய ஒரு பகுதிக்காக மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

1968 மார்ச் 3-ந் தேதி இரவு, ஸோண்ட் 4 என்ற விண்கலத்தை ஏவிய சோவியத் ராக்கெட்டின் பகுதிகள் அமெரிக்காவின் பல மாகாணங்களுக்கு மேலே எரிந்துகொண்டே வரிசையாகச் சென்றன. வெகு உயரத்தில், சத்தமில்லாமல், சில தீத்துண்டுகள், நடந்தது அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் அதை அப்படியே சொன்னார்கள். ஆனால் டென்னஸி மாகாணத்தில், கூட இருந்தவர்களோடு சேர்ந்து பார்த்த ஒருவர் சுருட்டு வடிவமான ஒரு கப்பலைக் கண்டார். அதில் சதுர ஜன்னல்கள், உள்ளே வெளிச்சம், தகடுகளை இணைத்த ஆணிகள்கூட! ஓஹையோவில் ஓர் ஆசிரியை பைனாகுலர் வைத்துப் பார்த்தார். மூன்று தட்டுகள் தெரிந்தன. அவருடைய நாய் பயந்து முனகியது. இவர்கள் பொய்யர்கள் அல்ல, குடிகாரர்கள் அல்ல. மூன்று ஒளிகள் இடைவெளி மாறாமல் சேர்ந்து போனால், நடுவில் இருக்கும் இருட்டை மனம் ஓர் உடலாகச் செய்துவிடுகிறது. உடல் வந்த பிறகு ஒளிகள் ஜன்னல்கள் ஆகாமல் வேறு என்ன ஆகும்? வானத்தில் போன பொருள் இன்னது என்று சந்தேகமில்லாமல் தெரிந்த சம்பவம் ஆனதால், பார்த்ததற்கும் சொன்னதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதை இங்கே அளந்தே பார்த்துவிடலாம்.

ஹைனெக் 1972-ல் தம் புஸ்தகத்தை வெளியிட்டார். சதுப்பு வாயுவினால் பட்ட அவமானம் அவரை மாற்றிவிட்டது என்று பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. சாட்சிகளைக் கேலி செய்தது தவறு, அவர்கள் பேச்சை மரியாதையோடு கேட்க வேண்டும் என்கிறார். நியாயமான பேச்சு, உருக்கமாகவும் இருக்கிறது. நெருங்கிய சந்திப்புகளை அவர் மூன்று வகையாகப் பிரித்தார். மூன்றாவது வகையின் பெயரே 1977-ல் ஸ்பீல்பெர்க் எடுத்த படத்துக்குத் தலைப்பாயிற்று. புகார் எவ்வளவு விசித்திரமானது, சொன்னவர் எவ்வளவு நம்பத்தக்கவர் என்று இரண்டு மதிப்பெண்கள் போட்டு, இரண்டும் உயர்ந்திருப்பவற்றை ஆராய வேண்டும் என்பது அவர் முறை. ஒருவர் மட்டும் பார்த்ததை விட்டுவிட்டுப் பலர் பார்த்ததையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்.

இங்கேதான் எனக்கு அவரோடு சண்டை. நல்லவர் சொன்னால் நிஜமாகத்தான் இருக்கும் என்பது நீதிக்கதைக்குப் பொருந்தும். நாணயம் வேறு, பார்வை வேறு. ஓஹையோ ஆசிரியைக்கு ஹைனெக் எத்தனை மதிப்பெண் போட்டிருப்பார்? நிறையவே போட்டிருப்பார். ஆனால் அவர் பார்த்தது ராக்கெட் துண்டு. சாட்சிக்கு மரியாதை கொடுப்பது என்றால் அவர் சொன்ன முடிவை ஏற்றுக்கொள்வது என்று ஹைனெக் தம்மையறியாமல் எடுத்துக்கொண்டுவிட்டார். முன்பு அவசரமாக மறுத்த மனிதர், பின்பு அவசரமாக இரக்கப்பட்டார் என்றே சொல்ல வேண்டும்.

இதற்குப் பதில் சொன்னவர் ஹைனெக்கிடமே வேலை பார்த்த ஆலன் ஹெண்ட்ரி. ஹைனெக் 1973-ல் ஆரம்பித்த ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த 1,307 புகார்களை இவர் ஒருவரே விசாரித்து, 1979-ல் கைப்புஸ்தகம் ஒன்று வெளியிட்டார். அட்டவணைகளும் கணக்குகளுமாக வறண்ட புஸ்தகம். படிக்கிறவர்கள் குறைவு. என் அபிப்பிராயத்தில் இவை எல்லாவற்றிலும் உயர்ந்தது அதுதான்.

ஹெண்ட்ரியின் கேள்விகள் மிகச் சாதாரணமானவை. எந்தத் திசை? எத்தனை மணி? எவ்வளவு நேரம் தெரிந்தது? கையை நீட்டிப் பிடித்தால் அதை மறைக்க எவ்வளவு பெரிய பொருள் வேண்டும்? எவ்வளவு பெரிது, எத்தனை மைல் தூரம், என்ன வேகம் என்று அவர் சாட்சியின் வாயால் கேட்டு நம்புவதில்லை. ஏனென்றால் இருட்டில் தெரிகிற ஒளிக்குத் தூரம் தெரியாமல் அளவு தெரியாது. அளவு தெரியாமல் வேகம் தெரியாது. நீட்டிய கையின் சுண்டுவிரல் நகம் பூரணச் சந்திரனையே மறைத்துவிடும் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? எவ்வளவு நேரம் என்ற கேள்வி ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். சில விநாடி என்றால் எரிகல், சில நிமிஷம் என்றால் விமானமோ செயற்கைக் கிரகமோ, ஒரு மணி நேரம் என்றால் நட்சத்திரம்.

அப்படி விசாரித்ததில் மிகப் பெரும்பாலான புகார்களுக்கு விடை கிடைத்தது. காரைத் துரத்தி வந்த ஒளி நட்சத்திரம். மரங்களெல்லாம் பின்னால் ஓட, தூரத்துப் பொருள் மட்டும் கூடவே வருவது எந்த ரயில் பிரயாணியும் அறிந்ததுதான். நின்ற இடத்தில் ஆடிய ஒளியும் நட்சத்திரம். இருட்டில் ஒரே புள்ளியை உற்றுப் பார்த்தால் அது அசைவது போலத் தோன்றும். ஹும்போல்ட் 1799-லேயே டெனரீப் தீவில் இதைப் பார்த்துவிட்டு, நட்சத்திரங்களே ஆடுகின்றன என்று எழுதினார். சுற்றிச் சுற்றி விளக்கு எரிந்த தட்டு, மின்சார பல்புகளால் எழுத்துக் காட்டும் விளம்பர விமானம். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எழுத்து படிக்க முடியாது, விளக்குகள் மட்டும் ஓடும். தட்டையும் அதன் கூண்டையும் பார்த்தவர்களே போட்டுக்கொண்டார்கள். சந்திரன்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது! போலீஸ்காரர்களும் மற்றவர்களைப் போலவே ஏமாந்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் சொல்கிற ஹெண்ட்ரி ஒரு சாட்சியையும் கேலி செய்யவில்லை. இதுதான் அவருடைய பெருமை. நீங்கள் பார்த்தது நிஜம், அதற்கு வைத்த பெயர்தான் தவறு என்று சொல்ல அவருக்குத் தெரிந்திருக்கிறது. மிஞ்சிய 113 புகார்களை வைத்துக்கொண்டு வேற்றுக் கிரகத்துக்குப் பாலம் கட்டவும் இல்லை. விடை தெரியாத மிச்சம் எதற்கும் அத்தாட்சி ஆகாது, அது மிச்சந்தான்.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2019 மே மாதம் முதல் தடவையாக 60 ஸ்டார்லிங்க் செயற்கைக் கிரகங்கள் ஒரே தொகுதியாக ஏவப்பட்டபோது, ஆகாயத்தில் ரயில் போகிறது என்று பல தேசங்களில் பரபரப்பு ஏற்பட்டது. 2021-ல் அமெரிக்க உளவுத்துறை வெளியிட்ட அறிக்கை 144 புகார்களை எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கு மட்டுமே நிச்சயமான விடை சொன்னது: காற்றுப்போன பெரிய பலூன். கருவிகள் மாறியிருக்கின்றன, கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை.

பார்த்தேன் என்பவனைப் பொய்யன் என்பதும் சுலபம், அப்படியே நம்பிவிடுவதும் சுலபம். இரண்டுமே அவன் பேச்சைக் கேட்காமலிருக்க நாம் கண்டுபிடித்த வழிகள். நம் கதைகளில் வருகிற சாட்சிகளை எண்ணிப் பாருங்கள்: நேரில் பார்த்ததாகச் சொல்லி ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்கும் எதிர்வீட்டுக்காரி வில்லியாக இருப்பாள், இல்லாவிட்டால் அவள் சொன்னதே நிஜமாகிவிடும். பாவம், அவள் பொய்யும் சொல்லாமல், பார்த்ததும் தப்பாகிப் போன ஒரு கதையை நம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? வாழ்க்கையில் அதிகம் நடப்பது அதுதானே?

படித்து மகிழ வேண்டும் என்கிறவர்களுக்கு ரப்பெல்ட் போதும். மூன்று கடைசி அத்தியாயங்களை விட்டுவிட்டுப் படிக்கலாம். எழுதவும் ஆசையுள்ளவர்கள் கஷ்டப்பட்டாவது ஹெண்ட்ரியைப் படிக்க வேண்டும்.