43 பற்கள், மூன்று பினியன்கள்

எம்.ஜி.பி காரின் பின் அச்சைத் திறந்து கிரௌன் சக்கரத்தின் பற்களை எண்ணினால் 43 இருக்கும். அதைச் சுழற்றும் பினியனில் 11. ஒன்றை மற்றதால் வகுத்தால் 3.909. 1962-இல் ஆபிங்டன் ஆலையிலிருந்து முதல் கார் வந்தது முதல் 1980-இல் ஆலை மூடியது வரை, நான்கு சிலிண்டர் எம்.ஜி.பி எதிலும் இந்த எண் மாறவில்லை. அதே குடும்பத்தின் பெரிய எஞ்சின் கார்களுக்கு ஆலை பினியனைத்தான் மாற்றியது: 13 பல் வைத்தால் 3.31, 14 பல் வைத்தால் 3.07. கிரௌன் அதே 43. அது பகா எண் என்பதால் பினியனின் ஒரு பல் கிரௌனின் ஒரே பல்லோடு மட்டும் உரசிக்கொண்டிருக்காது. தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பங்காகிவிடும்.

இந்த மூன்று எண்களில் எது சரி என்பது ஆலைக் காருக்கு முடிந்துபோன கேள்வி. மாற்றியமைத்த காருக்கு முடியாத கேள்வி. இங்கே எடையிட எடுத்துக்கொள்வது மிகப் பழக்கமான மாற்றம்: ரோவரின் 3.5 லிட்டர் அலுமினிய வி8 எஞ்சின், ரோவர் எஸ்.டி.1 காரின் ஐந்து கியர் பெட்டி, 185/70 அளவில் 14 அங்குல டயர். எஞ்சினும் பெட்டியும் பொருந்திய பிறகு வரும் விவாதம் பெரும்பாலும் பின் அச்சைப் பற்றியது. அந்த விவாதத்தின் தரம் அந்தக் கார்களின் தரத்துக்கு எட்டவில்லை.

குறை முறையில் இருக்கிறது. ஒரு சாரார் டாப் கியரில் நெடுஞ்சாலை வேகத்துக்கு எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை மட்டும் பார்க்கிறார்கள். குறைந்த சுற்று கிடைத்தால் வென்றதாக எண்ணம். மறு சாரார் முதல் கியரின் இழுவையை மட்டும் பார்க்கிறார்கள். முதுகு இருக்கையில் அறைந்தால் போதும். இரு அளவுகோலும் பொய்யில்லை, இரண்டும் பாதிதான். அச்சு விகிதம் எல்லாக் கியரையும் ஒரே அளவில் பெருக்குகிறது. ஒரு முனையைத் திருத்தினால் மறுமுனை தானாக அசையும். ஆகவே பெட்டியோடும் டயரோடும் சேர்த்துப் பார்க்காத எந்தத் தீர்ப்பும் தீர்ப்பாகாது.

மூன்றாவது சாரார் முன்னுதாரணம் காட்டுபவர்கள். இவர்களோடுதான் எனக்கு வாதம் அதிகம், ஏனெனில் இவர்கள் கையில் இருப்பது உண்மையான சான்று. அதை வாசிப்பதில்தான் பிழை. 1973 முதல் 1976 வரை ஆலையே வி8 எஞ்சினோடு எம்.ஜி.பி ஜிடி செய்தது. 2,591 கார்கள், 137 குதிரைத்திறன், நான்கு கியரும் ஓவர்டிரைவும், அச்சு 3.07. இருபது ஆண்டு கழித்து, 1993 முதல் 1995 வரை, 3.9 லிட்டர் வி8-ஓடு ஆர்வி8 வந்தது. ஐந்து கியர், அச்சு 3.31. "ஆலையே தன் பிழையைத் திருத்திக்கொண்டது, ஐந்து கியர் பெட்டிக்கு 3.31-தான்" என்பது பலரும் சொல்லும் முடிவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டயரை மறந்த முடிவு அது.

டயரைக் கணக்கில் சேர்ப்போம். 185/70 – 14 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.87 மீட்டர் உருளும். ஆர்வி8 போட்டிருந்த 205/65 – 15 டயர் ஏறத்தாழ 1.97 மீட்டர். டயர் பெரிதானால் காருக்கு அது அச்சு விகிதம் குறைந்ததற்குச் சமம். ஆர்வி8-இன் 3.31-ஐ நம் சிறிய டயரின் கணக்குக்கு மாற்றினால் 3.14 வருகிறது. அதாவது அந்த முன்னுதாரணம் 3.31-ஐவிட 3.07-க்குத்தான் அருகில் நிற்கிறது. 3.31 என்ற எண்ணை மட்டும் எடுத்து 14 அங்குல டயருள்ள காரில் வைப்பவர், மேற்கோளை இடம் பெயர்த்து வைத்து நூலாசிரியர் சொல்லாததைச் சொல்லவைப்பவர் போலத்தான்.

அச்சு எண்ணை விட்டுவிட்டு, உச்ச கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றும்போது கார் எத்தனை கிலோமீட்டர் வேகம் போகிறது என்று பார்த்தால் படம் தெளிகிறது. ஜிடி வி8 ஓவர்டிரைவில் ஏறத்தாழ 46. ஆர்வி8 ஐந்தாம் கியரில் ஏறத்தாழ 45. பெட்டி வேறு, டயர் வேறு, அச்சு வேறு, எஞ்சின் அளவும் வேறு. இருபது ஆண்டு இடைவெளி. இருந்தும் இரண்டும் வந்து நின்றது ஏறக்குறைய ஒரே இடம். ஒத்திசைவு என்றால் இதுதான். இனி நம் காருக்கு வருவோம். எஸ்.டி.1 பெட்டியின் ஐந்தாம் கியர் 0.79. அதோடு 3.07 வைத்தால் 1,000 சுற்றுக்கு 46 கி.மீ.; 3.31 வைத்தால் 43, பழைய 3.909-ஐயே விட்டுவைத்தால் 36. இங்கிலாந்து மோட்டார்வேயின் 70 மைல் வரம்பில், அதாவது ஏறத்தாழ 112 கிலோமீட்டரில், இவை முறையே 2,420, 2,610, 3,080 சுற்றுகள்.

3.909-ஐ இத்தோடு அனுப்பிவிடலாம். காசு மிச்சம் என்பதைத் தவிர வி8 காரில் அதற்கு நியாயம் இல்லை. 3.32 என்ற முதல் கியரோடு அது சேர்ந்தால் 5,000 சுற்றிலும் கார் 43 கிலோமீட்டரைத் தாண்டாது. கையை ஸ்டியரிங்கில் வைப்பதற்குள் இரண்டாம் கியருக்கு மாற்ற வேண்டும். 262 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையுள்ள எஞ்சினுக்கு அந்த முதல் கியர் வீண்.

போட்டி 3.07-க்கும் 3.31-க்கும் இடையில்தான். 3.31-இன் நிறைகளைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. மூன்றாம், நான்காம் கியர்களில் எட்டு சதவீதம் கூடுதல் இழுவை. வளைந்து நெளியும் கிராமச் சாலையில், 70-க்கும் 100-க்கும் இடையில் முன்வண்டியைக் கடக்கும்போது, அந்த எட்டு சதவீதத்தைக் காலே உணரும். ஐந்தாம் கியரும் ஓய்வுக்கு மட்டுமான கியராக இல்லாமல் வேலைக்கும் உதவும். ஜிடி வி8-இன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ.; 3.31 வைத்த நம் கார் அந்த வேகத்தை ஐந்தாம் கியரில் 4,660 சுற்றில் தொடும். குதிரைத்திறன் உச்சமடையும் 5,000 சுற்றுக்கு அது அருகில். 3.07-இல் அதே வேகத்துக்கு 4,320 சுற்றுதான். உச்ச வேகத்தை எட்ட முயல்பவர் நான்காம் கியரில் 5,500-ஐ நெருங்கிக்கொண்டிருப்பார், ஐந்தாம் கியர் வெறும் பயணத்துக்கு.

இதெல்லாம் உண்மை. ஆனால் எதிர்த்தட்டில் இருப்பது கனமானது. முதல் கியரில் பின் சக்கரத்துக்குப் போகும் விசையைக் கணக்கிட்டால், 3.07-இலேயே அது இந்த எடைக் காரின் பின் டயர்கள் தாரைப் பற்றிப் பிடிக்கக்கூடியதை வெகுவாக மிஞ்சுகிறது. 3.31 அங்கே சேர்ப்பது புகையை மட்டும். மேல் முனையிலும் கணக்கு 3.07-க்கு எதிராக இல்லை. பழைய நான்கு சிலிண்டர் எம்.ஜி.பி, 149 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 3.909 அச்சின் வழியே ஓவர்டிரைவில் சக்கரத்துக்குக் கொடுத்தது ஏறத்தாழ 480. நம் வி8, 3.07-ஓடு ஐந்தாம் கியரில் கொடுப்பது 635. அந்தச் சிறிய எஞ்சின் ஓவர்டிரைவில் மேட்டை ஏறியதென்றால், அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இழுவையுள்ள ஐந்தாம் கியரைத் தளர்ந்தது என்று சொல்வது எஞ்சினையே அவமதிப்பது. அலுமினிய வி8 பழைய இரும்பு எஞ்சினைவிடக் கனமும் இல்லை.

இன்னொரு நுட்பம். ஜிடி வி8-இன் முதல் கியர் 3.14, எஸ்.டி.1 பெட்டியின் முதல் கியர் 3.32. டயரும் சிறியது. ஆகவே 3.07-ஐயே வைத்தாலும் நம் கார் ஆலையின் ஜிடி வி8-ஐவிட முதல் கியரில் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் கூடுதலாக இழுக்கும், உச்ச கியரில் அதற்கு ஏறக்குறைய சமமாகவே ஓடும். தொடக்கத்தில் ஆதாயம், முடிவில் நட்டமில்லை. 3.31-ஓ முதல் முனையில் தேவையற்றதைக் கொடுத்து மேல் முனையில் தேவையானதைப் பிடுங்குகிறது. நடுவில் கொடுக்கும் எட்டு சதவீதத்துக்கு அது அதிக விலை. பல்லின் வலிமையும் 14 பல் பினியன் பக்கமே. கிரௌன் அதே அளவு என்பதால் பினியன் பெரிதாகிறது. அதே முறுக்குவிசையில் ஒவ்வொரு பல்லின் மேலும் விழும் சுமை குறைகிறது.

இத்தீர்ப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது: எஞ்சின் ஏறக்குறைய ஆலை நிலையில் இருக்க வேண்டும். நீண்ட நேரம் வால்வைத் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்டைப் போட்டவருக்கு இது பொருந்தாது. அவருடைய முறுக்குவிசையின் உச்சம் ஆலை எஞ்சினின் 2,900 சுற்றை விட்டு மேலே ஏறிப் போயிருக்கும்; 2,400 சுற்றில் எஞ்சின் தடுமாறித் திணறும். அவருக்கு 3.31 சரி, தயங்காமல் சரி. கேம் அட்டையைப் படிக்காமல் அச்சு விகிதம் கேட்பவருக்குப் பதில் சொல்லவே கூடாது என்பது என் கட்சி.

ஆலை ஒருமுறையும் தவறவில்லை என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். 1967-இல் வந்த ஆறு சிலிண்டர் எம்.ஜி.சி அதற்குச் சாட்சி. 2,912 கன சென்டிமீட்டர், 145 குதிரைத்திறன். ஓவர்டிரைவ் இல்லாத காருக்கு 3.07, இருக்கும் காருக்கு 3.31 என்று தொடங்கினார்கள். பிற்காலக் கார்களில் ஓவர்டிரைவ் இல்லாததற்கே 3.31 ஆக்கி, இருப்பதற்கு 37-க்கு 10 பல் வைத்து 3.7 கொடுத்தார்கள். ஒரு படி இறக்கம். கனத்த இரும்பு எஞ்சின், சோம்பலாகச் சுற்றேறும் குணம். அதற்குத் தொடக்கத்தில் கொடுத்த அச்சு பெரிய ஆசை. விகிதம் எஞ்சினின் குணத்தோடு பேச வேண்டும், அதன் அளவோடு அல்ல என்பதை ஆபிங்டன் கற்றுக்கொண்ட இடம் அது. கற்றுக்கொண்டதை 1969-க்குப் பிறகு பயன்படுத்த அந்தக் காரே இல்லாமல் போனது வேறு விஷயம்.

அந்த 3.7 நான்கு சிலிண்டர்காரர்களுக்குப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. எம்.ஜி.பி-யில் ஃபோர்டு சியராவின் டைப் 9 ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துவது இன்று பரவலான வழக்கம். அதன் ஐந்தாம் கியர் 0.82, பிற்கால ஓவர்டிரைவும் 0.82. ஆகவே நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுகூடக் குறையாது. செலவு செய்தவருக்கு இது சங்கடமான செய்தி. முதல் கியரோ 3.65, பழைய பெட்டியின் 3.44-ஐவிடக் குட்டை. 3.909 அச்சோடு அது டிராக்டர் கியர் ஆகிவிடும். அச்சை 3.7 ஆக்கினால் முதல் கியரின் மொத்த விகிதம் 13.5, பழைய காரின் 13.45-க்கு மயிரிழை தூரம். நெடுஞ்சாலையிலும் 3,200 சுற்று 3,030 ஆகும். இவ்வளவு சுத்தமாகப் பொருந்தும் கணக்கு இத்துறையில் அபூர்வம். மாறாக மாஸ்டா எம்.எக்ஸ்-5 பெட்டியைப் போட்டவர் அச்சைத் தொட வேண்டியதில்லை. அந்தப் பெட்டி 4.1, 4.3 அச்சுகளுக்காகப் பிறந்தது, 3.909-ஐ விடுத்து 3.07-க்கு ஓடும் நான்கு சிலிண்டர்காரர் தன் 1.8 லிட்டரை மேட்டில் கொண்டுபோய்க் கொல்கிறார்.

செயலுக்கு இறங்குபவர் இரண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கிரௌனும் பினியனும் ஜோடியாகவே வாங்க வேண்டியவை. பினியன் பெரிதாகும்போது கிரௌன் உட்காரும் இடமும் மாறக்கூடும் என்பதால், கையில் இருக்கும் டிஃபரன்ஷியல் கூடு புது ஜோடியை ஏற்குமா என்று பணம் கொடுக்கும் முன் அளந்து பார்க்க வேண்டும். இடைவெளியைச் சரியாக வைக்காமல் பூட்டினால் அச்சு ஊளையிடும், பிறகு எந்த எண்ணெயும் அதை அடக்காது.

மற்றது வேகமானி. அது கியர் பெட்டியிலிருந்து கணக்கெடுக்கிறது. அச்சை மாற்றியது அதற்குத் தெரியாது. 3.909-இலிருந்து 3.07-க்குப் போனவரின் கார் உண்மையில் 100-இல் ஓடும்போது முள் 78-ஐக் காட்டிக்கொண்டிருக்கும்.